கப்பலில் போனவன் அழவில்லை

அன்புள்ள சரவணா,

போன மாதம் நீ கோயம்புத்தூரிலிருந்து போனில் கேட்டாய், "நைனா, மணவூர் மாமாவுக்குப் பத்திரிகை வெச்சிட்டியா?" என்று. "ஆங், வெச்சிட்டேன்" என்றேன். வைக்கவில்லை. உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு சாப்பாட்டு மேசை மேல்தான் இருந்தது. அவர் பெயர் எழுதின உறைகூட அதில் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெயரை நீ ஏன் திடீரென்று எடுத்தாய் என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்கிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பாதியில் உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

மணவூர் மாமா என்று நீ சொன்ன ஜெயசீலன் மாமாவை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கணக்கு, அவர் ஆங்கிலம். ஒருவரை ஒருவர் மச்சான் முறை வைத்து 'பாவா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். முதலில் வேடிக்கைக்குத் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நம் தெருக்கோடியில் ஒரு மாடி அறையில் இருந்தார். ஞாயிறு சர்ச் முடிந்ததும் நேராக நம் வீட்டுக்குத்தான் சாப்பாட்டுக்கு வருவார். அவர் தாத்தா மிஷன் பள்ளியில் உபதேசியாராக இருந்தவர். அவர் விட்டுப்போன பழைய கிரேக்கக் கதைப் புத்தகம் ஒன்று மாமாவிடம் இருந்தது. சோறு சாப்பிட்டுக்கொண்டே அதிலிருந்து உனக்குக் கதை சொல்வார். நீ வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாய், உன் அம்மா அந்த வாயில் சோற்றைத் தள்ளிவிடுவாள்.

ஒருநாள் அவர் கே.ஜி.கண்டிகைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, கரும்பு ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று அவர் வண்டியை இடித்துத் தள்ளிவிட்டது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு கூடியது, புண் ஆறவில்லை. உள்ளே சீழ் பிடித்துவிட்டது என்றார்கள். ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் உடைத்துக்கொள்ளும். மூன்று மாத விடுப்பு முடிந்து, காலில் கட்டோடு, கக்கத்தில் கட்டையோடு வேலைக்கு வந்தார். அந்தக் கட்டிலிருந்து வந்த நாற்றத்தை எழுதிக் காட்ட என்னால் முடியாது. ஆசிரியர் அறையில் ஆறு நாற்காலிகள். முதல் வாரம் ஒரு நாற்காலி ஜன்னல் பக்கம் நகர்ந்தது. அடுத்த வாரம் இன்னும் இரண்டு. காலை ஜெபத்தின்போது சில நாள் வலி தாங்காமல் அவர் கத்திவிடுவார், ஜெபம் பாதியில் நின்றுவிடும். நான் மட்டும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இரண்டாவது வாரம் நகர்ந்த நாற்காலிகளில் ஒன்று என்னுடையது.

உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நாத்தம் கொஞ்ச நேரந்தாங்க தெரியும். அப்பறம் மூக்குக்குப் பழகிடும்" என்றாள். அவள் அவருக்கு எப்போதும் போல் சோறு போட்டாள். நான்தான் அந்த ஞாயிறுகளில் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு வெளியே போனேன்.

பெற்றோர்கள் புகார் சொல்கிறார்கள் என்று தலைமை ஆசிரியர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். மாமாவை நீண்ட விடுப்பில் போகச் சொல்ல வேண்டும். யார் சொல்வது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போய்ச் சொன்னேன். ஆனால் உள்ளதைச் சொல்லவில்லை. "உன் உடம்புக்காகத்தான் பாவா. ரெண்டு மாசம் அக்கா வீட்ல இரு. உன் வேலை எங்கயும் போவாது. நான் வாரா வாரம் ஞாயித்துக்கெழம வந்துடுவேன்" என்றேன். அவர் என்னை நம்பினார். நானே ரயிலில் கூட்டிக்கொண்டு போய் மணவூரில் அவர் அக்கா எஸ்தர் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். இரண்டு ஞாயிறு போனேன். மூன்றாவது ஞாயிறு காவடி எடுக்க வந்த சொந்தக்காரர்கள் வீட்டில் நிறைந்திருந்தார்கள். நாலாவது ஞாயிறுக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஆனாலும் போகவில்லை.

நாலு மாதம் கழித்து அவர் எனக்கு ஒரு கடிதம் போட்டார். உட்கார்ந்து பாடம் நடத்தலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், நிர்வாகம் கூட்டம் போடுகிறது, உடன் வேலை செய்கிறவர்களில் ஒருவராவது 'இவர் வருவதில் எனக்குச் சங்கடமில்லை' என்று சொன்னால் போதும் என்று எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை. கூட்டத்துக்கு முதல்நாள் சாயங்காலம் அவரே கிளம்பி வந்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கட்டையை ஊன்றி ஊன்றித் தெருவில் வந்துகொண்டிருந்தார். உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். உனக்கு அப்போது எட்டு வயசு. தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாய். நான் உன் தோளைப் பிடித்து, "நைனா ஊர்ல இல்லன்னு சொல்லு" என்றேன். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நீ சொன்னாய். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். திக்காமல் திணறாமல் சொன்னாய். அவர் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டுக் குடித்தார். சொம்பை வைத்த சத்தம் கேட்டது. பிறகு கட்டையின் சத்தம்.

மறுநாள் கூட்டத்தில் யாரும் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் வேலை போயிற்று. இது நான் செய்தது. நீ சின்னப் பையன், மறந்திருப்பாய், உன் அம்மா தவிர வேறு யாருக்கும் இது தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அதன்பின் அவரைப் பற்றிக் காதில் விழுந்ததுதான். அக்கா வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார், வேலூரில் இன்னொரு அறுவை சிகிச்சை நடந்து மூன்றாவது வருஷம் புண் ஆறிவிட்டது, கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. ஒருமுறை அரக்கோணம் பிளாட்பாரத்தில் தூரத்தில் பார்த்தேன். வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன். அவ்வளவுதான்.

நீ போன் செய்த நாலாம் நாள் தபாலில் ஒரு கட்டு வந்தது. கையால் எழுதி நகலெடுத்த நூறு பக்கம். மேலே 'தீவு: செய்யுள் நாடகம்' என்று இருந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம். "பாவா, கிரேக்கக் கதையை வெச்சி இத எழுதி இருக்கிறேன். எங்க சர்ச் ஹால்ல ஒருநாள் எல்லாரும் சேர்ந்து படிக்கலாம்னு இருக்குது. அதுக்கு முன்னாடி நீ படிச்சிட்டு உள்ளதச் சொல்லு. எங்க கூட்டல் தப்புன்னு கணக்கு வாத்தியாருக்குத்தான் தெரியும்." இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த கடிதத்தில் வேறு ஒரு சொல்லும் இல்லை.

கதை உனக்கும் ஞாபகம் வரலாம். உனக்கு அவர் சொன்ன கதைகளில் இதுவும் ஒன்று. பெரிய போருக்குக் கப்பல்கள் போகின்றன. அதில் ஒருவன் வில்லாளி, அவன் அம்பு குறி தப்பாது. வழியில் ஒரு தீவில் பாம்பு அவன் காலைக் கடித்துவிடுகிறது. புண் அழுகி நாறுகிறது. அவன் கத்துகிற கத்தலில் பூசை செய்ய முடியவில்லை. கூட வந்தவர்களில் சாமர்த்தியமான தளபதி ஒருவன் யோசனை சொல்ல, அவன் தூங்கும்போது அந்தத் தீவிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பத்து வருஷம் பறவைகளை அடித்துத் தின்று தனியாகக் கிடக்கிறான். பிறகு அவன் வில் இல்லாமல் போரில் ஜெயிக்க முடியாது என்று குறி சொல்லிவிடுகிறார்கள். அதே தளபதி திரும்பி வருகிறான். தன் முகத்தைக் காட்டப் பயந்து, கூட வந்த ஒரு சின்னப் பையனை அனுப்பிப் பொய் சொல்லச் சொல்கிறான். பையன் பொய் சொல்லி வில்லை வாங்கிவிடுகிறான். பிறகு மனசு கேட்காமல் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். கவிதை எனக்குத் தெரியாது. ஆனால் தளபதி பேசுகிற இடம் ஒவ்வொன்றிலும் என்னை எப்படித் திட்டியிருக்கிறார் என்று தேடினேன். திட்டே இல்லை. அதைவிட மோசமாக ஒன்று இருந்தது. மூலக்கதையில் இல்லாத ஒரு காட்சியை அவரே சேர்த்திருந்தார். தீவில் நண்பனை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்புகிறது. தளபதி தனியாகப் பின்பக்கம் நின்று,

கரையினைப் பார்த்தே கண்ணீர் வடித்தேன்;
திரைகள் எல்லாம் அவன்குரல் ஆயின

என்று தொடங்கி இரண்டு பக்கம் அழுகிறான். நாடகத்திலேயே அழகான இடம் அதுதான், எனக்கே தெரிந்தது. நான் அன்று பட்டிருக்க வேண்டிய துக்கத்தை எனக்காக அவர் பட்டு வைத்திருந்தார்.

முதலில் ஒரு நல்ல பதில் எழுதினேன். நடை சிறப்பு, உவமைகள் அருமை, கடைசிக் காட்சி உருக்கம், வாழ்த்துகள். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தாள். "இத யாருக்கு வேணும்னாலும் அனுப்பலாங்க" என்று மடித்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கிழித்துப் போட்டேன். அந்தச் சனிக்கிழமை பத்து மணி வண்டியில் மணவூர் போனேன். ஒரு உறையில் அவர் பெயரும் எஸ்தர் அக்கா பெயரும் எழுதி உன் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தது எஸ்தர் அக்காதான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே திரும்பி, "தம்பி, உன்னப் பாக்க வந்துகிறாங்க" என்றார். யார் என்று சொல்லவில்லை. முன்னறையில் டியூஷன் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகள். ஒரு பக்கம் உயரம் வைத்த செருப்புப் போட்டுக்கொண்டு, கைத்தடி ஊன்றி மாமா வந்தார்.

"வா பாவா. படிச்சியா?"

"படிச்சேன்."

"ஒக்காரு. சொல்லு."

நேற்றுப் பார்த்தவர் போல் கேட்டார். நல்லதை முதலில் சொன்னேன். தீவில் அவன் தன் காலோடு பேசுகிற இடம், பறவையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அம்பு விடுகிற இடம். தலையை ஆட்டிக்கொண்டார். "தப்பு எங்க? அத சொல்லு" என்றார்.

"கப்பல்ல அவன் அழுவுறது."

"அதுதான் நல்லா வந்துருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நல்லாதான் இருக்குது. ஆனா அப்படி நடக்கல பாவா. அவன் அழுவல." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "உன்ன இங்க விட்டுட்டு நான் அரக்கோணத்துல எறங்கினேன். வண்டி மாறணும். ஸ்டேஷன்ல பூரி சாப்ட்டேன். ரெண்டு செட்டு. ஒரு மாசமா சோறு எறங்காம இருந்துச்சு, அன்னிக்குதான் எறங்கிச்சு. வீட்டுக்குப் போயி மத்தியானம் நல்லா தூங்கினேன். அப்பா, விட்டுச்சுன்னு இருந்துச்சு. நீ வீட்டுக்கு வந்த அன்னிக்கும் நான் உள்ளதான் இருந்தேன்."

அந்த நேரம் பார்த்துச் சரக்கு ரயில் ஒன்று போயிற்று. அந்த வீட்டில் ரயில் போகும்போது யாரும் பேசுவதில்லை போலிருக்கிறது. பெட்டி பெட்டியாக அது போய் முடியும் வரை நான் பெஞ்சின் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்ந்ததும் அவர், "ரெண்டு செட்டா?" என்றார்.

"ஆங்."

சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "எட்டு மாசம் அந்த ரெண்டு பக்கத்த எழுதிகினு இருந்தேன் பாவா. சீர் சரியா இருக்குது, எதுகை சரியா இருக்குது. ஆனா வாய்விட்டுப் படிச்சா பொய்யா கேக்குது. இன்னா காரணம்னு தெரியல."

"அவன ரொம்ப நல்லவனா நெனச்சிட்ட."

"நெனைக்காம?" என்றார். "அப்படி நெனைக்கலன்னா இத்தினி வருசம் நான் இந்த வீட்ல எப்பிடி ஒக்காந்துகினு இருக்கிறது?"

சரவணா, உண்மையைச் சொல்லி என் பாரத்தை இறக்கப் போனேன். இறக்கியது அவர் மடியில். நான் அழுதிருப்பேன் என்ற ஒரு நினைப்பு அவருக்குத் துணையாக இருந்திருக்கிறது, அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன். செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது உனக்குச் சொன்னால், யாருடைய மனசு என்று கேட்டுக்கொள்.

அப்புறம் அவர் உன்னைப் பற்றி விசாரித்தார். பத்திரிகையைக் கொடுத்தேன். உன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். "அந்தப் பையன் பாத்திரம் எப்பிடி வந்துருக்குது? அதப்பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்றார். அது சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அவ்வளவு சீக்கிரம் மனசு மாறி ஓடி வருவானா, அது மட்டும் கொஞ்சம் நம்புகிற மாதிரி இல்லை என்றேன்.

"அது மட்டுந்தான் பாவா நான் கற்பனையா எழுதாதது" என்றார். "அன்னிக்கு உன் வீட்ல தண்ணி குடிச்சிட்டு சைக்கிள் கடை வரைக்கும் போயிட்டேன். பின்னாடி யாரோ ஓடி வர்ற சத்தம். உன் பையன். கால்ல செருப்புகூட இல்ல. மூச்சு வாங்கிகினு, 'மாமா, நைனா உள்ளதான் இருக்காரு. நான் பொய் சொல்லிட்டேன். நீ வா'ன்னு என் கையப் புடிச்சி இழுத்தான். நான்தான், தெரியும்டா, நீ வீட்டுக்குப் போ, நைனாகிட்ட இத சொல்லாதன்னு அனுப்பிட்டேன். சொல்லவே இல்லியா?"

நீ சொல்லவே இல்லை. பத்தாவது பரீட்சையில் தோற்றுவிட்டேனோ என்று பயந்து என்னிடம் எல்லாவற்றையும் உளறின பையன், பெண் பார்த்த அன்றே பிடித்திருக்கிறது என்று வெட்கமில்லாமல் சொன்ன பையன், இதை மட்டும் இருபத்திரண்டு வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்தாய். நான் வீட்டுக்குள் ஒளிந்திருந்ததை நீ மறக்கவில்லை, அவருக்கும் அன்றே தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டு மிடுக்காக நடந்தவன் நான் ஒருவன்தான். பத்திரிகை வைத்தாயா என்று நீ கேட்டது, அவர் முகத்தைப் பார்க்க இப்போதாவது துணிந்தாயா என்றுதான் என்பது அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது.

அவர் அந்த இரண்டு பக்கத்தையும் என் கண் முன்னாலேயே அடித்தார். அப்படியே யோசித்து, முணுமுணுத்து, விரல் விட்டுச் சீர் எண்ணி, ஓரத்தில் மூன்று வரி எழுதினார்:

கரைமறை வதற்குள் கலத்தில் அமர்ந்தேன்;
பசித்தது, உண்டேன், பாதி வழியில்
உறங்கினேன், காற்றும் ஒழுங்காய் வீசிற்று.

"இது நிக்குது" என்றார். "இத நீயே படி. வேற யாரு படிச்சாலும் சரியா வராது."

போன ஞாயிறு மத்தியானம் சர்ச் ஹாலில் படித்தோம். நாற்பது பேர் இருப்பார்கள். அவருடைய டியூஷன் பிள்ளைகளே ஆளுக்கொரு பாத்திரம். நான் தளபதி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு படித்தேன். 'காற்றும் ஒழுங்காய் வீசிற்று' என்ற இடத்தில் பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். எஸ்தர் அக்கா சிரிக்கவில்லை. முடிந்ததும் எல்லோருக்கும் டீ கொடுத்தார், எனக்கும் கொடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல். கிளம்பும்போது, "பையன் கல்யாணத்துக்குத் தம்பி வருவான். நான் வரலிங்க" என்றார். சரிங்க என்றேன். அவரை வற்புறுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது. நீயும் வற்புறுத்தாதே.

உனக்குக் கல்யாணம். அப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டிய நேரம் இது. ஒன்றுதான் சொல்லத் தெரிகிறது. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கோ உனக்கோ ஏதாவது வரும். உடம்புக்கு வரலாம், மனசுக்கு வரலாம். பார்க்க நன்றாக இருக்காது, பக்கத்தில் இருக்க முடியாது போல் தோன்றும். உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னதுதான் உண்மை, கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். அந்தக் கொஞ்ச நேரம் நாற்காலியை நகர்த்தாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. உன்னால் முடியும் என்று நினைக்கிறேன், நீ அவள் பிள்ளையும்தானே.

அன்றைக்கு நீ ஓடிப்போய்ச் சொன்னது எனக்குத் தெரிந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன். பெருமைப்பட்டிருப்பேன் என்று எழுதினால் அது இன்னொரு கப்பல் காட்சி ஆகிவிடும். நிச்சயமாக அடித்திருப்பேன். அது உனக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் சொல்லவில்லை. மாமா சொல்லாதே என்றது ஒரு காரணம், என்னிடம் இருந்த பயம் இன்னொரு காரணம். எட்டு வயசுப் பையனை முதலில் பொய் சொல்ல வைத்தேன், பிறகு உண்மை சொன்னதை மறைக்க வைத்தேன். இந்த இரண்டுக்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டாவதற்குக் கொஞ்சம் கூடுதலாக.

இனிமேல் நான் ஏதாவது தப்பாகச் செய்வது உன் கண்ணில் பட்டால் நேராக என்னிடமே சொல். நல்லபடியாகக் கேட்டுக்கொள்வேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், இரண்டு நாள் பேசாமல் இருப்பேன், உன் அம்மாவிடம் உன்னைப் பற்றிக் குறை சொல்வேன். அதையெல்லாம் பார்த்து நிறுத்திவிடாதே. மறுபடியும் சொல்.

உன்
நைனா